குருவி கத்திய நாற்காலி

அத்தியாயம் பதினொன்று

ஜூன் பதினான்கு, சனிக்கிழமை. விடிந்ததிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. இலை அசையாத புழுக்கம். மழையோ, இதோ வருகிறேன் என்பதும் பிறகு பார்க்கலாம் என்பதுமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

அவ்வீட்டின் முன்னறையில், மருமகள் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து கறுப்புப் பலகை ஒன்றின் விளிம்பில் பிசின் ஊற்றிக்கொண்டிருந்தாள். காய்கறி நறுக்கும் பலகையைவிடச் சற்றே பெரிய பொருள் அது. அதன் வயிற்றுக்குள் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று படுத்திருக்கும். மின்சார சைக்கிளைக் கொண்டுவந்து, அதன் ஸ்டாண்டை இப்பலகையின்மீது ஊன்றிவிட்டால் போதும். ஸ்டாண்டின் பாதத்துக்குள் இருக்கும் மற்றொரு சுருள், கீழிருந்து மின்சாரத்தை வாங்கி பேட்டரிக்கு அனுப்பிவிடும். வயர் வேண்டா; பிளக் வேண்டா; மழையில் நனைந்த கையோடு சுவிட்சைத் தடவவும் வேண்டா. பலகையின் மூலையில் பச்சை விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள்.

இதனைச் செய்பவன் அவளுடைய கணவன். தெருவில் அவனுக்குக் 'காந்தம்' என்று பெயர். அப்பெயரைக் கேலியாக வைத்தவர்களே, கூரியர் நிறுவனம் ஒன்று தன் சைக்கிள்கள் அத்தனைக்கும் அவனுடைய பலகைகளைக் கேட்டு வந்த பிறகு, அதை மரியாதையாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

அவனுடைய தந்தை ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். சென்ற மாதம் அவர் வாசலில் நிலைகுலைந்து விழுந்ததையும், நெஞ்சுக்குள் இதயத்துக்குத் துணையாகச் சிறு கருவி ஒன்றைப் பொருத்தி மருத்துவர்கள் அவரை மீட்டுக் கொடுத்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் டாக்டரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்த காந்தம், "காந்தச் சுருள் இருக்கிற இடம் அவருக்கு ஆகாதாம்" என்று மட்டும் சொன்னான். மாமனாரின் கட்டிலும் பட்டறையும் அந்த ஒரே முன்னறையில்தான் இருந்தன.

அன்று முதல் மருமகள் தானாக ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டாள். மாமனார் அறைக்குள் இருக்கும் நேரமெல்லாம், சுவரோரம் சைக்கிள் நிற்கும் சோதனைப் பலகையின் சுவிட்சை அணைத்துவிடுவாள். அவர் வெளியே போனதும் மறுபடி போடுவாள்.

"அம்மாடி, உள்ள வரலாமா? சிக்னல் குடு."

வாசற்படியில் செய்தித்தாளோடு நின்றார் மாமனார். அவள் பிசின் கிண்ணத்தை வைத்துவிட்டு எட்டிச் சுவிட்சை அணைத்தாள். பச்சை மறைந்தது.

"விளக்கு இல்ல!" என்றார் அவர், எஞ்சின் இரைச்சலை மீறிச் சொல்லிப் பழகிய குரலில்.

"விளக்கு இல்ல!" என்றாள் அவள்.

ரயிலில் அப்படித்தானாம். ஓட்டுபவர் விளக்கைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும்; துணைக்கு நிற்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாவிட்டால் விளக்கைப் பார்த்ததாகவே கணக்கில்லை. காந்தம் காலையில் லேத் பட்டறைக்குப் போயிருக்கும் வேளையில் இவர்கள் இருவருக்கும் இடையே நடக்கும் இந்த விளையாட்டு வேறு எவருக்கும் தெரியாது.

மாமனார் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்தார். அதற்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு சைக்கிள்களை வரிசையாக நிறுத்தலாம்.

"அண்ணி போன் பண்ணாங்களா மாமா?"

"பண்ணா. பத்து மணிக்கு வர்றாளாம். அவ வர்றான்னா, ஒண்ணு நான் எதையாவது மறந்திருக்கணும். இல்ல, அவளுக்கு யாராவது எதையாவது ஞாபகப்படுத்தியிருக்கணும்."

மருமகள் சிரித்தாள். அன்றைய தினத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

*

நாத்தனார் அழகு நிலையம் நடத்துபவள். பிறர் புருவத்தைத் திருத்தித் திருத்தி, எதைக் கண்டாலும் தன் புருவத்தை உயர்த்தும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டாள்.

"என்னப்பா, முகமே வத்திப் போச்சு? சோறு போடுறாங்களா, இல்ல இந்தப் பிசினையே கரைச்சு ஊத்துறாங்களா?"

"வா. உக்காரு முதல்ல."

"உக்கார வரலப்பா. உங்களக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

மருமகளின் கை நின்றது. அக்காவுக்குப் பின்னாலேயே காந்தம் உள்ளே வந்தான். லேத் பட்டறைக்குப் போயிருந்தவன், அக்காவை அழைத்துவரத்தான் போயிருக்கிறான் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

"நானே காட்டிடுறேன்க்கா. நீயே உன் கண்ணால பாத்துட்டா யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்ல" என்றபடி அவன் அலமாரியிலிருந்து குருவியை எடுத்தான்.

காந்தப் புலத்தை அளக்கும் கைக்கருவிக்கு அவ்வீட்டில் அதுதான் பெயர். உருண்டைத் தலையும் ஒல்லிக் கழுத்துமாக இருக்கும். குறித்த அளவுக்குமேல் புலம் போனால் கீச்கீச்சென்று கத்தும். எந்த அளவுக்குக் கத்த வேண்டும் என்பதை அதன் பக்கவாட்டில் உள்ள குமிழ் தீர்மானிக்கும்.

அவன் அதைப் பலகையருகே நீட்டினான். கீச், கீச், கீச். அக்காவின் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தான். அறை நடுவிலும் கத்திற்று. கட்டிலருகிலும் கத்திற்று. ஈற்றில் தந்தையின் நெஞ்சுக்கு நேரே பிடித்தான். கீச், கீச், கீச்.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடப் பாவிகளா! இத்தன நாளா இதுலயா அவரை உக்கார வச்சிருந்தீங்க?"

"அதான்க்கா உன்னைக் கூப்பிட்டேன். டாக்டர் அன்னிக்கே ஆகாதுன்னுட்டார். பின்னாடி ரூமுக்கு மாத்தினாலும் செவுத்தத் தாண்டி வருதுக்கா."

"அப்போ பட்டறைய வேற எங்கயாவது மாத்துடா. பெத்தவரை மாத்துவாங்களா?"

"திங்கக்கிழம கம்பெனிக்காரங்க பாக்க வர்றாங்க. ரெண்டு நாள்ல எங்க போயி இடம் தேடுறது?"

நாத்தனாரின் புருவம் உயர்ந்தது. பார்வை தரையில் இருந்தவள்மேல் இறங்கியது.

"நிசமா அதான் காரணமா? இல்ல, வீட்டுல இடம் பத்தலன்னு வேற யாருக்காவது மூச்சு முட்டுச்சா?"

"அண்ணி, நான் ஒண்ணும்..."

"சும்மா இரும்மா. 'அவளும் பாவம், கால் வைக்க இடமில்லன்னு தினம் பொலம்புறா'ன்னு தம்பி போன்ல சொல்லும்போதே எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஒரு மனுஷன் மூச்சு விட எவ்வளவு இடம்மா வேணும்?"

மருமகள் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. கணவனை நிமிர்ந்து பார்த்தாள். அவனோ, குருவியின் குமிழில் உலகத்துக் கவலையெல்லாம் இருப்பதுபோல் அதையே ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அவமானத்தில் அவள் தலை குனிந்தது. குனிந்த கண் சோதனைப் பலகையின்மேல் பட்டது.

பச்சை எரியவில்லை.

காலையில் அவள் கையாலேயே அணைத்த சுவிட்சு அணைந்தபடியே இருந்தது. பலகையில் துளி மின்சாரம் இல்லை. ஆனால், அவள் கணவன் கையிலிருந்த குருவி அவள் கண்ணெதிரே கத்திக்கொண்டிருந்தது.

*

கொல்லைப்புறக் குழாயடியில் கை கழுவ வந்தவனை அவள் மறித்தாள்.

"என்னங்க, நீங்க அளந்தப்ப பலகை ஆஃப்ல இருந்துச்சு."

அவன் குழாயை மூடினான்.

"யார் ஆஃப் பண்ணா?"

"நான்தான். மாமா உக்காரும்போதெல்லாம் ஆஃப் பண்ணிடுவேன்."

"யாராவது பாத்தாங்களா?"

இதைக் கேட்ட பிறகு அவனிடம் வேறு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் கேட்டாள்.

"கரன்ட்டே இல்லாத பலகைக்கு அது எப்படிங்க கத்தும்?"

"குமிழ அடிமட்டத்துக்குத் திருப்பினா செவுத்துல ஓடுற ஒயருக்கும் கத்தும், மேல சுத்துற ஃபேனுக்கும் கத்தும். அதத் தெரிஞ்சு நீ என்ன பரீட்சையா எழுதப்போற?"

"டாக்டர் நிசமா என்ன சொன்னார்?"

மூடிய குழாயை அவன் இன்னும் ஒரு திருகு திருகினான். அப்படியும் குழாயிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்தது.

"பலகையிலேருந்து ரெண்டு கை தள்ளி இருக்கச் சொன்னார். அது மேல நெஞ்சு படுற மாதிரி குனியக் கூடாதுன்னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். போதுமா? எனக்கு அந்த ரூம் வேணும். ரெண்டாவது மேசை போடணும். தெருப்பக்கம் கதவு இருக்கிறது அது ஒண்ணுதான். கம்பெனிக்காரன் வந்து பாக்கும்போது, மிஷின் நடுவுல ஒருத்தர் பனியனோட பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருந்தா, இது பட்டறையா முதியோர் இல்லமான்னு கேக்க மாட்டான்?"

"அதை மாமாகிட்டயே கேட்டிருக்கலாமே. 'ரூமைக் குடுங்கப்பா'ன்னா, பின்னாடி இருக்கிற ரூமுக்கு அவரே கட்டிலத் தூக்கிட்டுப் போயிருப்பாரு."

"கேக்கலாம். கேட்டதும் அவர் மூஞ்சி சுருங்கும். அதை தினம் நான் பாத்துட்டு நிக்கணும். டாக்டர் சொன்னார்னா யாருக்கும் யார் மேலயும் வருத்தம் இல்ல."

"என் மேல இருக்கே."

"நீ வெளிய இருந்து வந்தவ. உன்னைத் திட்டினா அக்கா ரெண்டு நாள்ல மறந்துடுவா. என்னைத் திட்டினா ஆயுசுக்கும் ஞாபகம் வச்சிருப்பா."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபம் இல்லை. நியாயத்தை எடுத்துரைக்கும் பொறுமையே இருந்தது. அப்பொறுமைதான் அவளைச் சுட்டது. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு அவன் உள்ளே போய்விட்டான். ஈரத் துண்டு அவள் தோளில் கிடந்தது. போகிற போக்கில் அவன் போட்டுவிட்டுப் போனது.

*

மதியச் சாப்பாட்டின்போது நால்வரும் ஒன்றாக அமர்ந்தார்கள். நாத்தனார் தன் வீட்டுப் பால்கனியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பால்கனி மூன்றாம் மாடியில் இருக்கிறது என்பதையும் அக்கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது என்பதையும் அவள் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

மாமனார் சோற்றைப் பிசைந்தபடி மகனைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, அந்தக் குருவி எப்பவும் சரியாத்தான் கத்துமா?"

மருமகளின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"மிஷின் எங்கப்பா பொய் சொல்லப்போகுது?" என்றான் காந்தம்.

"அதுவும் சரிதான். மிஷின் சொல்லாது."

"மாமா, காலையில..." என்று அவள் தொடங்கினாள்.

"அம்மாடி, கொஞ்சம் தண்ணி குடு."

நிறைந்த தம்ளர் அவர் தட்டுக்கு அருகிலேயே இருந்தது. அவள் அதையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். பின்னர் எழுந்துபோய் இன்னொரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

நாத்தனார் கண்ணயர்ந்த பிறகு, மாமனாருடைய துணிகளை மடித்து வைக்க மருமகள் முன்னறைக்குச் சென்றாள். இரண்டு சட்டைகள், சவரப் பெட்டி, மாத்திரைகள், வேலைக்காலத்துக் கைவிளக்கு. அவை எல்லாவற்றையும் போட்ட பின்பும் பை பாதிதான் நிறைந்தது.

"மாமா, காலையில பலகை..."

"ஆஃப்ல இருந்துச்சு. தெரியும்."

அவள் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆயுசு பூரா விளக்கப் பாத்துச் சோறு தின்னவன்மா நான். எது எரியுது, எது எரியலன்னு எனக்குச் சொல்லித் தரணுமா?"

"அப்போ ஏன் மாமா வாயத் திறக்கல?"

"என்னன்னு திறக்கச் சொல்ற? மக முன்னாடி மகனப் பொய்யன்னு சொல்லிட்டு, ராத்திரி அவன் வீட்டுல எப்படிக் கைய நனைக்கிறது?"

"நான் அண்ணிகிட்டச் சொல்றேன்."

"உன்னை நம்புவாளா அவ? நீ தப்பிச்சுக்கக் கதை அளக்குறேன்னுதான் சொல்லுவா. உன் புருஷன் அதுக்குத் தலையாட்டுவான். அதையும் நான் நின்னு பாக்கணுமா?" அவர் கைவிளக்கைப் பையிலிருந்து எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தார். "நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு எனக்கு வாக்குக் குடு. சொன்னா அவன் வாயால சொல்லணும். வண்டி கிளம்புற வரைக்கும் அவனுக்கு நேரம் இருக்கு."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா மூணு மாடி ஏறணும். பின்ன எதுக்கு நெஞ்சுல மிஷின் வச்சிருக்காங்க?"

அவர் சிரித்தார். அவளால் இயலவில்லை. மாமனாரை வீட்டைவிட்டுத் துரத்தியவள் என்ற பெயர் இனி உறவு முழுவதும் தன் பின்னால் வரும் என்பதை அவள் அறிவாள். விசேஷ வீடுகளில் பந்தியில் தன்னருகே அமர்பவர்கள் எப்படி ஒதுங்குவார்கள் என்பதுகூட அவள் கண்ணுக்குத் தெரிந்தது. கணவனின் ஒரே ஒரு வாக்கியம் அதைத் துடைத்துவிடும். அவளே துடைத்துக்கொள்ள வழியில்லை.

"சரி மாமா. யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

*

மாலையில் மழை ஒருவழியாக மனம் வைத்தது. வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. காந்தம் குடையும் பையுமாகப் பம்பரமாய்ச் சுழன்றான். இத்தனை பரிவை அவ்வீடு அண்மையில் கண்டதில்லை. ஆனால் தெருக்கதவருகே, மழை படாதபடி தார்ப்பாய் சுற்றிய புதிய மேசை ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. மதியமே வந்து இறங்கியிருக்க வேண்டும். மாமனார் அதன் விளிம்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"நல்ல மரம்" என்றார்.

காந்தம் குடையை மறுகைக்கு மாற்றினான்.

காருக்குள் ஏறி அமர்ந்த நாத்தனார் கண்ணாடியை இறக்கினாள்.

"இனிமே இடம் தாராளமா இருக்கும்மா. நல்லா காலை நீட்டிப் படுத்துக்கோ."

படியில் நின்றிருந்த மருமகள், வாக்குக் கொடுத்த நாக்கை மேல்பல்லில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நேரமாச்சு. வாங்க" என்றான் காந்தம்.

அவர் அசையவில்லை.

"தம்பி."

"என்னப்பா?"

"எங்கிட்ட எதாவது சொல்லணுமா?"

குடையின் கம்பிகளிலிருந்து நீர் சரம் சரமாக இறங்கியது. காந்தம் குடையைத் தாழ்த்தித் தந்தையின் பக்கம் ஓரடி நெருங்கியதை அவள் படியிலிருந்தே பார்த்தாள். சொல்லிவிடுவான் என்று தோன்றிற்று. அவள் கை தானாகவே கதவு நிலையைப் பற்றிக்கொண்டது.

"மாத்திரைய மறக்காம போடுங்கப்பா" என்றான் அவன்.

மாமனார் தலையசைத்தார். அவ்வளவுதான் என்பதுபோல் இரண்டு முறை அசைத்தார். பின்னர் திரும்பி, திறந்திருந்த கதவின் வழியே தம்முடைய அறையை நோக்கினார். சுவரோரம் சைக்கிள் நின்றது. அதன் கீழே பலகை. அதன் மூலை இருட்டாக இருந்தது.

"விளக்கு இல்ல!" என்றார்.

மழையையும் கார் எஞ்சினையும் மீறி எழுந்த குரல் அது.

காந்தத்தின் கையில் குடை சரிந்தது. குழாயடியில் அவன் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. ஒருவர் பார்த்திருக்கிறார். முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தந்தையின் தோளில் மழை விழுவதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

மாமனார் காத்திருந்தார். சொன்னதைத் திருப்பிச் சொல்ல ஒருவர் வேண்டுமே.

தான் கொடுத்த வாக்கு மருமகளுக்கு நன்றாக நினைவிருந்தது. யாரிடமும் எதையும் சொல்வதில்லை என்பதுதான் வாக்கு. இது சொல்வதாகாது.

"விளக்கு இல்ல!" என்றாள் படியிலிருந்து, அவரைவிட உரக்க.

அவர் அவளை நோக்கிக் கையை உயர்த்திவிட்டுக் குனிந்து காரில் ஏறினார். நாத்தனாரின் இரு புருவங்களும் ஏறியவை ஏறியபடியே நின்றன. அவள் முதலில் தந்தையையும், பிறகு படியில் நின்றவளையும், இறுதியாகத் தம்பியையும் பார்த்தாள். தம்பியைத்தான் நெடுநேரம் பார்த்தாள்.

"என்னடா இது? எந்த விளக்கு? ஏன்டா உன் மூஞ்சி இப்படிப் போச்சு?"

அவன் சரிந்த குடையை நிமிர்த்தினான். கார் நகர்ந்தது. நாத்தனார் மழையில் தலையை வெளியே நீட்டி, தெருமுனை வரையிலும் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு போனாள்.

அந்த வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைச் சொல்வது மாமனாரின் நெடுநாள் பழக்கம். தாமே கிளம்பிய அன்றும் அவர் அதை மறக்கவில்லை. கார் உருளத் தொடங்கியபோது ஏற்றப்படாத கண்ணாடி வழியே அவர் சொன்னது, படியில் நின்றவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அஞ்சு நாப்பத்திரெண்டு."